முதல் மறுப்பு

கோலார் தங்கவயலின் ரயில்பாதை மாரிக்குப்பத்தில் முடிகிறது. விடியுமுன் அங்கிருந்து புறப்படும் வண்டிகள் சாம்பியன், ஊரிகாம், கோரமண்டல் நிலையங்களில் ஆட்களை அள்ளிக்கொண்டு பங்காரப்பேட்டை வழியே பெங்களூர் சேர்கின்றன. கட்டட வேலைக்குச் செல்வோர், துணிக்கடைப் பெண்கள், மருத்துவமனை ஊழியர், கணினி நிறுவனங்களில் பணிபுரிவோர் என்று சுரங்கம் மூடப்பட்ட ஊரின் ஆயிரக்கணக்கான மக்கள் நாள்தோறும் அவற்றில் நெருக்கியடித்துக்கொண்டு போய்வருகின்றனர். சாம்பியன் ரீஃப் குடியிருப்பு வரிசையில் வாழும், சுரங்கத்தில் பணியாற்றி வேலை இழந்த ஒருவரின் மகளும் அவ்வாறு போய்வந்தவர்தாம். ஐரோப்பாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் பெங்களூர் அலுவலகத்தில் ஐந்தாண்டுகளாக வேலை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே பணி.

அப்படி வீட்டிலிருந்த ஒரு நாளில், அவருடைய பிரிவு மூடப்படும் செய்தி காணொளிக் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. கூட்டம் அரை மணி நேரம்கூட நீளவில்லை. பக்கத்து அறையில் அமர்ந்திருந்த தந்தைக்கு ஆங்கிலம் புரியாது. மகளின் முகம் புரிந்தது. அவர் முதலில் கேட்டது, வேலை போய்விட்டதா என்பதன்று.

"உங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா?"

"இல்லப்பா. கேள்வி இருந்தா கீழ எழுதுங்கன்னு சொன்னாங்க."

"எழுதினீங்களா?"

"எழுதினோம். பதில் சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சு."

அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைத் தங்கவயலை அறிந்தவர்கள் எளிதில் ஊகிப்பர். கடல் கடந்த ஓர் அறையில் எடுக்கப்படும் முடிவுக்குத் தன் உடலைக் கொடுத்து வாழ்வது இந்த ஊருக்கு 1880-களிலேயே பழகிவிட்ட ஒன்று. பன்னாட்டு நிறுவனம் என்ற சொல் தமிழில் புழக்கத்துக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே அந்தப் பொருள் இங்கே வந்துவிட்டது. லண்டனில் பதிவுபெற்ற மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கக் கம்பெனிகளை ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் லண்டன் நிர்வாக நிறுவனம் நடத்தியது. மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்க அனுபவம் மிக்கவர்கள் வந்தனர். பாறையை உடைக்க வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து, பெரும்பான்மையும் ஒடுக்கப்பட்ட சாதியினரான எளிய மக்கள் வந்தனர். நிலம் மைசூர் மகாராஜாவுடையது, அவருக்கு உரிமைத்தொகை. லண்டன் முதலீட்டாளருக்கு ஈவுத்தொகை. பாறை உடைத்தவருக்குக் கூலி, அதிலும் ஒப்பந்தக்காரரின் கை பட்டுக் குறைந்தது.

தமிழில் 'பங்கு' என்ற சொல் விந்தையானது. சொத்திலே பங்கு, கம்பெனியிலே பங்கு, ஒரு செயலிலே பங்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே போதும். பங்குதாரர், பங்கேற்பாளர், பங்காளி மூவரும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவர்கள். பாகம் உடையவனுக்கே பேச இடமுண்டு என்னும் பழைய வழக்கத்தின் சாயல் இச்சொற்களில் இருப்பதாகக் கொள்ளலாம். பாகப்பிரிவினைப் பஞ்சாயத்தில் பங்காளி பேசாதிருந்து எவரும் கண்டதில்லை.

இந்தக் கண்கொண்டு பார்த்தால் டெய்லர் நிறுவனத்தின் வரலாறே வேறாகத் தெரிகிறது. அதன் நிறுவனர் ஜான் டெய்லர் பெயரெடுத்த கார்ன்வால் சுரங்கங்களில் ஒரு முறை இருந்தது. தொழிலாளர் சிறு குழுக்களாகச் சேர்ந்து சுரங்கத்தின் ஒரு பகுதியை ஏலத்தில் எடுப்பர். தோண்டிய தாதின் மதிப்பில் இத்தனை பங்கு தங்களுக்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வர். அம்முறையை உயர்ந்ததெனப் புகழ்ந்து எழுதியவர் டெய்லர். 1824-இல் அவர் முன்னின்று தொடங்கிய கம்பெனி மெக்சிகோவின் ரியல் டெல் மோன்டே வெள்ளிச் சுரங்கங்களை எடுத்து நடத்தச் சென்றபோது, அங்கேயும் ஒரு பங்கு காத்திருந்தது. குறித்த அளவுக்கு மேல் வெட்டியெடுத்த தாதில் ஒரு பகுதி தொழிலாளிக்கே உரியது என்பது அங்கே வழிவழி வந்த மரபு. அதற்குப் பெயர் 'பார்த்திதோ'. அச்சொல்லுக்கும் பங்கு என்றே பொருள் சொல்லலாம். 1766-இல் சுரங்க உடைமையாளர் அந்தப் பங்கில் கைவைத்தபோது தொழிலாளர் வேலையை நிறுத்தினர். வட அமெரிக்கக் கண்டத்தின் முதல் வேலைநிறுத்தம் என்று அது பேசப்படுகிறது. பிறகு வந்த ஆங்கிலக் கம்பெனியும் அதே பங்கை ஒழிக்க முயன்று அதே மக்களோடு மல்லுக்கு நின்றது.

கோலாரில் அந்தத் தொல்லை எழவில்லை. இங்கே தொழிலாளிக்குத் தாதில் பங்கு என்ற பேச்சே இல்லை. தங்கம் கலந்த கல்லைக் கையில் வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம். பணிநேரம் முடிந்து மேலே வருவோரின் உடல் சோதிக்கப்பட்டது. கார்ன்வாலில் உரிமையாகவும் மெக்சிகோவில் மரபாகவும் இருந்த ஒன்று மைசூர் சமஸ்தானத்தில் திருட்டானது. ஒரே பெயர் தாங்கிய நிறுவனம், மூன்று நாடுகள், மூன்று வழக்கங்கள். நிறுவனத்தின் இயல்பைக் காட்டிலும் அது கால்பதித்த மண்ணின் சட்டமும் சாதியுமே தொழிலாளியின் இடத்தைத் தீர்மானித்தன என்றுதான் கருதத் தோன்றுகிறது. பன்னாட்டு நிறுவனங்களைப் பற்றிய பேச்சில் இது அடிக்கடி மறக்கப்படுகிறது. ஒரு நாட்டில் தொழிலாளியிடம் கலந்து பேசும் அதே நிறுவனம் இன்னொரு நாட்டில் அவரிடம் அறிவிப்பு மட்டும் செய்வது பழைய கதை.

இப்படி எந்த முடிவிலும் இடமில்லாதிருந்தவர்கள் ஒரு முடிவை மாற்றிக்காட்டிய ஆண்டு 1930. தொழிலாளர் அனைவரையும் பதிவுசெய்து கைரேகை எடுக்க நிர்வாகம் முனைந்தது. இந்தியாவில் கைரேகைக்கு ஒரு வரலாறு உண்டு. 1897-இல் கல்கத்தாவில் அதற்கென நிறுவப்பட்ட அலுவலகத்தின் வேலை குற்றவாளிகளை அடையாளம் காண்பது. கல் திருடுபவர்களோ என்ற ஐயத்தோடு நாள்தோறும் உடல் சோதிக்கப்பட்டவர்களிடம் இப்போது விரலையும் நீட்டச் சொன்னார்கள். ஏப்ரல் மாதம் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். அது ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்தது. தங்கவயலில் அப்போது தொழிற்சங்கம் என்று எதுவும் கிடையாது. மேடைத் தலைவர்களும் இல்லை. வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் மைசூர்த் தொழிலாளர் குறித்த தம் ஆய்வுகளில் இந்த வேலைநிறுத்தத்தை விரிவாகவே எழுதியிருக்கிறார். கைரேகைத் திட்டம் கைவிடப்பட்டது.

நிர்வாகத்தின் ஒரு முடிவில் கோலார்த் தொழிலாளர் செலுத்திய முதற்பெரும் பங்கு இவ்வாறு ஒரு மறுப்பாக அமைந்தது. பின்னர் வந்தவையும் ஏறக்குறைய அப்படியே. 1940-களில் சங்கம் வந்தது. பொதுவுடைமையரும் அம்பேத்கரியரும் ஒரே வரிசை வீடுகளில் எதிரெதிரே அமைப்புக் கட்டினர். 1946 நவம்பர் 4 அன்று காவல்துறை சுட்டதில் ஆறு தொழிலாளர் மாண்டனர். இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது.

விடுதலைக்குப் பிறகு குழுக்கள் வந்தன. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், நூறு பேருக்குக் குறையாமல் உழைக்கும் இடங்களில் இருதரப்பினரும் சம அளவில் அமரும் தொழிற்குழுவுக்கு வழிசெய்தது. அதன் வேலை நல்லுறவு பேணுவது. 1958-இல் கூட்டு நிர்வாக மன்றங்கள், 1975-இல் நெருக்கடி நிலையின் நடுவே இன்னொரு திட்டம் என்று தொடர்ந்தன. பேச்சுரிமை பறிக்கப்பட்டிருந்த காலத்தில் தொழிலாளியின் குரலுக்கு மன்றம் அமைத்தது ஒரு வேடிக்கை. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் வழியே அரசியலமைப்பில் 43-ஏ பிரிவு நுழைந்தது. தொழிலகங்களின் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. அதற்குச் சட்ட உருவம் கொடுக்க 1990-இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா அறிமுகமானது. அது சட்டமாகவே இல்லை. இதே காலப்பகுதியில் மேற்கு ஜெர்மனி செய்ததை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். நிலக்கரிச் சுரங்கங்களிலும் இரும்பு, எஃகு ஆலைகளிலும் மேற்பார்வைக் குழுவின் சரிபாதி இடங்களைத் தொழிலாளர் தரப்புக்கு அங்கே 1951-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 2,000-க்கு மேற்பட்டோர் பணிபுரியும் பெரிய கம்பெனிகளுக்கு அதனைச் சில மாறுதல்களோடு விரித்தது. இந்தியா அரசியலமைப்பில் ஒரு வாக்கியம் எழுதிய ஆண்டும் அதுவே.

இதற்குள் தங்கவயல் லண்டன் கையிலிருந்து விடுபட்டிருந்தது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை நடுவண் அரசுக்குப் போயின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது. மகளின் தந்தை 1980-களில் வேலைக்குச் சேர்ந்தது அதில்தான். சாம்பியன் ரீஃபில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடியாழத்தில் பாறையைத் தொட்டால் சுடும். பாறை அழுத்தம் தாளாமல் தானே வெடிக்கும். இவ்வளவு ஆழத்திலிருந்து, இவ்வளவு மெலிந்துபோன தாதிலிருந்து தங்கம் எடுப்பது நட்டம் என்ற கணக்கைத் தொழிலாளர் அறியாதவரல்லர். கணக்கு எப்போது, எவரால், எந்த விலையை வைத்துப் போடப்பட்டது என்பதில்தான் அவர்களுக்கு வழக்கு இருந்தது.

1992-இல் நிறுவனம் நலிவுற்ற தொழில்களுக்கான நிதி மறுசீரமைப்பு வாரியத்தின் முன் சென்றது. 2000-இல் வாரியம் மூடிவிடப் பரிந்துரைத்தது. நூறு பேருக்குக் குறையாமல் உழைக்கும் சுரங்கத்தை மூட, தொழில் தகராறுச் சட்டத்தின் 25-ஓ பிரிவின்படி அரசின் முன்அனுமதி வேண்டியிருந்தது; அனுமதிக்குமுன் தொழிலாளர் தரப்பையும் கேட்க வேண்டியிருந்தது. நல்ல விதிதான். ஆனால் இங்கே சுரங்கத்தின் உடைமையாளர் நடுவண் அரசு. அனுமதி கேட்டது அதன் நிறுவனம். அனுமதி வழங்கியது அதன் தொழிலாளர் அமைச்சகம். 2001 ஜனவரி இறுதியில் அனுமதி கிடைத்தது. மார்ச் 1 முதல் சுரங்கம் இல்லை. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் தந்த ஆழம் நீரிறைப்பு நின்றதும் மெல்ல நிரம்பத் தொடங்கியது.

தொழிலாளர் நீதிமன்றம் ஏறினர். மறுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை என்பதே இந்த வரலாற்றில் கவனத்துக்குரியது. நாங்களே நடத்துகிறோம், எங்களிடம் கொடுங்கள் என்றனர். முன்னாள் ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. இது வெறும் ஆசையன்று, முன்னுதாரணம் இருந்தது. பம்பாய் குர்லாவில் மூடிக்கிடந்த கமானி டியூப்ஸ் ஆலையை 1988-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று தொழிலாளர் கூட்டுறவு எடுத்து நடத்தியது. தங்கவயலை மூடச்சொன்ன அதே வாரியம்தான் அத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2006-இல் நடுவண் அமைச்சரவை ஒரு முடிவுக்கு வந்தது: நிறுவனத்தின் சொத்துகளுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோருவது, முன்னாள் ஊழியர்களின் சங்கத்துக்கு 'முதல் மறுப்புரிமை' தருவது. நீண்ட வழக்குக்குப் பின் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தப்புள்ளி கோரும் முடிவை ஏற்றது.

இந்தச் சட்டச் சொல்லைத் தமிழில் வைத்துப் பார்த்தால் திகைப்பு வருகிறது. உலகச் சந்தையில் அதிக விலை கேட்பவர் யாரோ, அவர் கேட்ட விலையைத் தாமும் தர முன்வந்தால் சொத்து சங்கத்துக்கு, இயலாதென்றால் மற்றவருக்கு. உரிமையின் உள்ளீடு வாங்கும் முன்னுரிமை. உரிமையின் பெயரோ மறுப்பு. விரலை நீட்ட மறுத்தவர்களின் பேரர்களுக்கு அரசு மனமுவந்து அளித்த உரிமைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. பெங்களூரில் காவலாளியாகவும் கொத்தனாராகவும் நாட்கூலி பெறுவோர் கன்னடத்தையும் தமிழையும் கலந்து பேசும் தம் கூட்டங்களில், ஆஸ்திரேலியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரக்கூடிய ஒரு சுரங்க நிறுவனத்தின் விலைக்கு ஈடுகட்டுவது எப்படி என்று பேச வேண்டியிருந்தது. உரிமை உண்மையானது, அதைப் பயன்படுத்தும் பணம் வேறு யாரிடமோ இருந்தது. நடந்ததோ இன்னும் கசப்பு: விற்பனையே கைகூடவில்லை. 2015-இல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டுக் கனிம உரிமைகள் ஏலத்தின் வழியே செல்லும் முறை வந்தது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை 13 சயனைடு மண்மேடுகளில், ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் பரப்பில், எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்க ஒப்புதல் தந்தது. கீழே நீரில் கிடப்பதைப் பற்றி எவரும் அவசரப்படவில்லை.

சங்கத்தின் கைக்குச் சொத்து வந்திருந்தால் எல்லாம் நேராகியிருக்குமா? மூணாற்றைப் பார்த்தவர்கள் தயங்குவர். கண்ணன் தேவன் மலைத் தேயிலைத் தோட்டங்களை விட்டு 2005-இல் டாடா டீ விலகியபோது புதிய கம்பெனி உருவாகி, அதன் பெரும்பகுதிப் பங்குகள் ஊழியர்களிடமே வந்தன. கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் பங்குதாரர் ஆயினர். பத்தாண்டு கழித்து, 2015 செப்டம்பரில், போனஸ் பாதியளவாகக் குறைக்கப்பட்டது என்பதை அறிந்து அவர்களே சாலையில் அமர்ந்தனர். பெண்கள் ஒற்றுமை என்று பெயர் சூட்டிக்கொண்டு, சங்கத் தலைவர்களையும் அருகே அண்டவிடாமல் ஒன்பது நாள் போராடி வென்றனர். தம் சொந்தக் கம்பெனிக்கு எதிராக அதன் பங்குதாரர் நடத்திய வேலைநிறுத்தம் அது. பங்கிருந்தும் அவர்கள் பங்கேற்கவில்லை. பத்திரத்தில் பெயர் ஏறுவதும், முடிவு எடுக்கும் அறையில் நாற்காலி கிடைப்பதும் தனித்தனியே போராடிப் பெற வேண்டியவை.

மகளுக்குப் பத்திரமும் இல்லை, நாற்காலியும் இல்லை. 25-ஓ பிரிவு ஆலை, சுரங்கம், தோட்டம் மூன்றுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கண்ணாடிக் கட்டட அலுவலகம் அம்மூன்றில் எதுவுமன்று. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்குமான எல்லையையே நூறிலிருந்து முந்நூறாக உயர்த்திவிட்டது. தலைமையிடத்தில் அவருடைய சக ஊழியர்களின் நிலை வேறு. 2009-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறைப்படி, குறைந்தது ஆயிரம் பேர் பணிபுரியும், இரு உறுப்பு நாடுகளில் நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் உடைய நிறுவனங்களில் ஊழியர் மன்றம் அமைக்கலாம். பெரிய மாற்றங்களை அதனிடம் தெரிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும். அந்த எண்ணிக்கையில் பெங்களூர் சேராது. அங்கிருந்த தோழி ஒருத்தி, மறுசீரமைப்பு பற்றி மன்றத்தில் ஏழெட்டு வாரமாகப் பேச்சு நடப்பதாகவும் உனக்குத் தெரியாதா என்றும் செய்தி அனுப்பியிருந்தாள். வேலை போனதைக் காட்டிலும் அந்த வரிதான் மகளை நெடுநேரம் பேசாமல் இருத்தியது.

மறுநாள் மின்னஞ்சலில் ஓர் ஒப்பந்தம் வந்தது. பத்து நாளுக்குள் கையொப்பமிட்டால் நான்கு மாதச் சம்பளம் கூடுதல். வழக்குத் தொடுப்பதில்லை என்றும் வெளியே பேசுவதில்லை என்றும் அதில் நிபந்தனை. மகள் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். தந்தை, 2001-இல் வாயிற்கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பையும் இப்படித்தான் இன்னொருவர் படித்துச் சொல்லக் கேட்டவர். அப்போது மகளுக்கு நான்கு வயது.

"கையெழுத்துப் போடலன்னா?"

"போடலன்னாலும் வேலை போயிடும்ப்பா. பணம்தான் வராது."

அவர் சற்று யோசித்து, உன்னோடு வேலை செய்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றார் மகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பியிருக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. "மொதல்ல அத கேளு," என்றார் தந்தை. அன்றிரவு மகள் பதினொரு பேரை அழைத்தார். ஏழு பேர் எடுத்தனர். அவர்களில் இருவர் ஏற்கெனவே ஒப்பமிட்டிருந்தனர்.

திங்களன்று மடிக்கணினியைத் திருப்பிக்கொடுக்க அவர் விடிகாலை வண்டிக்குப் புறப்பட்டார். நிலையம்வரை தந்தை உடன் வந்தார். காற்று மண்மேட்டிலிருந்து வெண்புழுதியை வாரிக்கொண்டு வந்ததால் இருவரும் துணியால் வாயை மூடிக்கொண்டே நடந்தனர். ஒப்பமிடாத ஐவரும் அன்று பதினொரு மணிக்கு அலுவலக வாசலில் சந்திப்பதாகப் பேச்சு.